செல்லோ டேப்பை உரித்தால் கூராகக் குறுகி அறுந்துபோவது ஏன்?

டேப் சுருளின் முனையை நகத்தால் கிளப்பி இழுத்தால் முழு அகலத்துக்கும் வராமல் ஈர்க்கு மாதிரி குறுகி அறுந்துவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாகப் பார்சல் கட்டுகிறேன். மட்டமான டேப் என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். பாவம், அவர்மேல் தப்பில்லை.

முனை முழுசாகக் கிளம்பாமல் நடுவில் நாக்கு மாதிரி கொஞ்சம் மட்டும் எழும்பினால், அதன் இரண்டு பக்கமும் கிழிசல் ஓட ஆரம்பிக்கும். பிரவுன் டேப்பின் பாலிப்ரொப்பிலீன் படலம், ஓரம் முழுசாக இருக்கும்வரை இழுத்தால் தாங்கும். சின்ன வெட்டு விழுந்தால் சர்ரென்று போய்விடும். நாக்கு சுருளோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள், டேப் அங்கே வளைந்து நிற்கும். வளைத்த மூங்கில் பிளாச்சு மாதிரி அந்த வளைவு நிமிரத் துடிக்கும். நாக்கு அகலமாக இருந்தால் வளைவில் அடங்கிய ஆற்றல் அதிகம், குறுகினால் குறைவு. அந்த ஆற்றலைக் குறைத்துக்கொள்ளத்தான் இரண்டு கிழிசலும் உள்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன. ஒன்றையொன்று தொட்டதும் கையில் ஒரு முக்கோணம் மிச்சம்.

2008இல் சிலி, பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் இதற்குக் கணக்கே போட்டுவிட்டார்கள். படலம் விறைப்பாக இருந்தாலோ பசையின் பிடி கூடினாலோ முக்கோணம் குட்டையாக முடியும். கிழியாத உறுதி கூடினால் நீளும். ஆகவே கூர்முனையின் கோணத்தை அளந்து, மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைச் சொல்லிவிடலாம். தக்காளித் தோலை உரித்தாலும் இதே முக்கோணம்தான்.

புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய விலை ஸ்டிக்கர் துண்டு துண்டாக வருகிறதா? பாத்திரத்துக்குள் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு உரியுங்கள். பசை இளகிப் பிடி தளர்ந்துவிடும், பெரும்பாலும் ஒரே துண்டாக வரும்.

சுருளில் அறுந்துபோனால் அந்த நாக்கையே பிடித்து இழுக்காதீர்கள். கூர்முனைக்கு இரண்டு பக்கமும் தோள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியை நகத்தால் வருடிக் கிளப்பி, ஓரத்துக்கு ஓரம் எழும்பியபிறகு இழுங்கள். கிழிசலே இல்லையென்றால் உள்ளே சாய எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் முனையை ஒரு விரல் அகலம் மடித்து வைப்பேன். கூட வேலை பார்க்கும் தம்பி அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய முனையை மறுபடி சுருளிலேயே ஒட்டி வைப்பான்.