'ஜூடோகா' பட்டத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: பதினோரு வயது மகள் ஜூடோ கற்கிறாள், மஞ்சள் பெல்ட். 'ஜூடோகா' பட்டச் சான்றிதழை ஜப்பானிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். ஜூடோகா என்றால் என்ன? பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அப்படியொரு பட்டமே கிடையாது. ஜூடோ பழகுகிறவரைக் குறிக்கும் சொல் அது, அவ்வளவுதான். உங்கள் மகள் இன்றைக்கே ஜூடோகாதான்.

'ஜூ' என்றால் வளைந்துகொடுக்கும் மென்மை, 'டோ' என்றால் வழி. 'கா' என்ற எழுத்துக்கு வீடு, குடும்பம் என்று பொருள். ஒரு கலையில் ஊறியவரையும் அது குறிக்கும். ஜப்பானில் எழுத்தாளரை 'சக்கா' என்பதும் இந்த எழுத்தை வைத்துத்தான். கராத்தேகாவும் அப்படியே.

சரி, அந்த ஆள் எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்? ஜப்பானில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. டான் என்பது கறுப்பு பெல்ட்டின் படிநிலை. நான்காம் டான், அதற்கு மேல் உள்ளவர்களையே ஜூடோகா என்பார்கள். கீழே இருப்பவர்கள் 'கென்கியூசெய்', அதாவது பயிலுபவர்கள். இது உண்மை. ஆனால் அப்போதும் சான்றிதழ் டானுக்குத்தான், ஜூடோகா என்ற பெயருக்கு அல்ல. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கி, மறு ஆண்டே இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். அது தகுதி நிலை. நான்காம் டான் வாங்கியவரை மற்றவர்கள் மரியாதையாக ஜூடோகா என்றார்கள். அந்த மரியாதையைக் காகிதத்தில் அச்சடித்து விற்க முடியாது. இன்று உலகம் முழுவதும், ஒலிம்பிக் வர்ணனையிலும்கூட, ஜூடோ ஆடும் எல்லோரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

பெற்றோர் ஏமாறும் இடம் பெல்ட் நிறங்கள். சிறுவர்கள் கட்டும் பல நிறங்கள், 1930களில் பாரீசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி வழியாக ஐரோப்பாவில் பரவியவை. அதனால் நாட்டுக்கு நாடு, சங்கத்துக்குச் சங்கம் வரிசை மாறுகிறது. எது செல்லும், எது செல்லாது என்று பெற்றோருக்கு எளிதில் புரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். பளபளப்பான தாள், ஜப்பானிய எழுத்து, சிவப்பு முத்திரை எல்லாம் எந்த அச்சகத்திலும் கிடைக்கும்.

அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எந்தக் கியூ (கறுப்பு பெல்ட்டுக்குக் கீழுள்ள நிலை) அல்லது டானுக்கான சான்றிதழ்? தேர்வு நடத்தியது எந்தச் சங்கம்? அப்புறம் அந்தச் சங்கம் தேசியக் கூட்டமைப்பில் இருக்கிறதா என்று நீங்களே நேரில் விசாரியுங்கள், அவர் தரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். மஞ்சள் பெல்ட்டுக்குத் தேர்வில் தேறி வாங்கிய சான்றிதழ் இருந்தால் அதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.