டெங்கு, நாய்க்கடி, சீம்பால்: ஆன்டிபாடி பற்றிச் சில கேள்விகள்

மழைக்காலம் வந்தால் கடலூரில் எங்கள் ஆய்வகத்துக்குக் காய்ச்சல் மாதிரிகள் வந்தபடி இருக்கும். கூடவே கேள்விகளும். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மஞ்சக்குப்பம்: காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டெங்கு ஐஜிஎம் எடுத்தோம் சார். இல்லை என்று வந்தது. இனி பயமில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஆன்டிபாடி என்பது கிருமியில் ஒட்டி அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம். அதில் ஐஜிஎம் என்பது முதலில் தயாராகும் வகை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் பி செல் (ஒரு வகை வெள்ளை அணு) ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். கோடிக்கணக்கான செல்களில் இந்த வைரஸுக்குப் பொருந்துபவை மிகச் சில. அவை வைரஸைப் பிடித்து, டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் உதவியோடு பெருகி, பிளாஸ்மா செல்லாக மாறிய பிறகுதான் ஆன்டிபாடியைக் கொட்டும். அப்புறம் பாருங்கள், ஒரே செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வெளியிடும்! ஆனால் ரத்தத்தில் அது தெரிய நான்கைந்து நாளாகும். அதனால் முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 பரிசோதனைதான் பயன்படும். சீட்டில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்ற கட்டம் காலியாக வந்தால் எனக்குக் கவலையாகிவிடும். முடிவை எப்படிப் படிப்பது? தயவுசெய்து அதை நிரப்பிக் கொடுங்கள்.

நெல்லிக்குப்பம்: ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மறுபடி வராதாமே?

வரும். டெங்கு வைரஸில் 4 வகை. முதல் வகைக்கு உருவான ஆன்டிபாடி இன்னொரு வகையில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்காமல் போகலாம். ஒட்டிய ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டே வைரஸ் நம் செல்லுக்குள் இன்னும் சுலபமாக நுழையும். இரண்டாம் தடவை சிலருக்குக் கடுமையாவது இதனால்தான்.

திருப்பாதிரிப்புலியூர்: சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறார் அத்தை. செய்யலாமா?

வேண்டாம் அம்மா. அதில் குழந்தையின் குடலைக் காக்கும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி நிறைய இருக்கிறது.

தேவனாம்பட்டினம்: பையனை நாய் கடித்து ரத்தம் வந்துவிட்டது. தடுப்பூசி போட்டார்கள், சரி. காயத்திலேயே இன்னொரு ஊசி எதற்கு?

அது வேறெங்கோ தயாரான ஆன்டிபாடி. மனித ரத்தத்திலிருந்தோ குதிரை ரத்தத்திலிருந்தோ எடுத்தது. தடுப்பூசியைப் பார்த்துப் பையனின் உடம்பு சொந்தமாகத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸ் நரம்பில் ஏறிவிடாமல் காயத்திலேயே மடக்கத்தான் அந்த ஊசி. வலிக்கும், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மீதித் தவணைகளுக்கும் சொன்ன தேதியில் கூட்டிப் போங்கள்.

அவரே மறுபடி: முன்பே முழுத் தவணையும் போட்டவருக்கும் அந்த ஊசி உண்டா?

தேவையில்லை. முந்தைய தடுப்பூசியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் இருப்பதால் தடுப்பூசி மட்டும் போட்டாலே ஆன்டிபாடி சீக்கிரம் ஏறிவிடும். பழைய ஊசிச் சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.