கொல்லைப்புறம்: கொண்டைக் கோழிக் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கோழியைப் பற்றித்தான். தலை நிறைய இறகுக் கொண்டையோடு ஃபேன்சி கோழிக் கடைகளில் நிற்கிற போலிஷ் கேப். உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தோப்பில் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிகளோடு நானும் அதை வளர்க்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே பேசிவிடலாம்.

அக்கா, வீட்டில் நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு நிற்கிறது. மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு ஜோடி போலிஷ் கேப் வாங்கி அதுகளோடு விட்டேன். பெட்டையின் கொண்டையை மற்றதுகள் பிடுங்கித் தின்றுவிட்டன. மண்டை தெரிகிறது, ரத்தம் காய்ந்து கிடக்கிறது. உச்சியில் ஒரு புடைப்பும் இருக்கிறது. வீக்கமா?
*மீனவர் ஒருவர், தங்கச்சிமடம்*

புடைப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள் தம்பி. இந்த இனத்துக்கு மண்டையோடே மேலே எழும்பித்தான் இருக்கும். அந்த மேட்டின் மேல்தான் கொண்டை முளைக்கிறது. டார்வின்கூட 1868-லேயே இந்த மண்டையோட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. அந்த மேட்டில் எலும்பு முழுசாக மூடாமல் ஆங்காங்கே துளை இருக்கும், குஞ்சுகளுக்கு இன்னும் அதிகம். மற்ற கோழி சாதாரணமாகத் தாங்குகிற ஒரு கொத்து இதற்கு மூளை வரைக்கும் போய்விடலாம். கொத்துப்பட்ட கோழி தள்ளாடினாலோ கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயிலும் கழுத்து திருகும். எது என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் பெட்டையை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்த கோழி கொத்துவதை நிறுத்தாது. கொதித்து ஆறிய நீரில் புண்ணைத் துடைத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். கண்ணில் படக் கூடாது. வேப்பெண்ணெய்க் கசப்புக்கு மற்ற கோழி வாய் வைக்கவும் யோசிக்கும். ஆனால் புண் ஆறியதும் திரும்ப விட்டுவிடாதீர்கள். புது இறகு முளைக்கும்போது அடித்தண்டு நீலம் பாய்ந்து இருக்கும், உள்ளே ரத்தம் ஓடும். பிடுங்க ருசி கண்ட கோழி அந்தக் குருத்தைத்தான் தேடி வரும். இறகு விரிந்து தண்டு வெளுத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கும் முறை இருக்கிறது. நடுவில் ஒரு வலைத் தடுப்பு வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தீனி தின்னட்டும். உங்கள் வீட்டில் வலைக்குப் பஞ்சமிருக்காது, ஆனால் தங்கூஸ் என்கிற ஒற்றை நரம்பு நைலான் வலை மட்டும் வேண்டாம். காலில் சுற்றினால் இறுகி விரலை அறுத்துவிடும். முறுக்கு நூல் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். கொஞ்ச நாள் பழகியதும் ஒரு ராத்திரி, எல்லாம் அடைந்த பிறகு, பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். தீனித்தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் காரணம் கொண்டை கண்ணை மறைப்பது. பக்கவாட்டிலும் மேலேயும் அதற்குச் சரியாகத் தெரியாது. கொத்த வருகிற கோழி கிட்டே வந்த பிறகுதான் தெரியும், விலகத் தெரியாமல் நின்று வாங்கிக்கொள்ளும். பருந்து விஷயமும் அப்படியே. நாட்டுக்கோழி நிழலைப் பார்த்ததும் உடைமரத்துக்குள் ஓடிவிடும், இது வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருக்கும். அரைக்கண் தெரிகிற கோழி என்று நினைத்தே வளர்க்க வேண்டும். மேலே வலை போட்ட அடைப்பு இல்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்பேன்.

கொண்டையைக் கத்தரிக்கலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகக் கத்தரியுங்கள். கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கோழி சாதுவாக இருக்கும். ஒருவர் பழைய துண்டில் சிறகோடு சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முனை மழுங்கிய கத்தரியால் கண்ணைச் சுற்றி மட்டும் வெட்டினால் போதும். கத்தரியின் முனை எப்போதும் கண்ணுக்கு வெளிப்பக்கம் பார்த்தே இருக்கட்டும். நீலத் தண்டை வெட்டாதீர்கள். தப்பித்தவறி ரத்தம் வந்தால் மஞ்சள்தூளை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. இறுகினாலும் வெளியே தெரியாது. வெட்டிவிட்ட மறுநாள் காலையில் பாருங்கள், அதுவரை சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்த கோழி முற்றம் முழுக்கச் சுற்றும்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கொண்டை காயவே இல்லை லாத்தா. கண்ணில் தண்ணீர் வடிகிறது, எந்நேரமும் தலையைச் சொறிகிறது.
*இல்லத்தரசி, கீழக்கரை*

மழையைவிடத் தண்ணீர்ப் பாத்திரம்தான் காரணமாக இருக்கும் தங்கச்சி. அகலச் சட்டியில் வைத்தால் குடிக்கும்போதெல்லாம் கொண்டை நனையும், நனைந்த இறகில் தீவனத்தூள் ஒட்டும், அது நாறும். விளிம்பு குறுகலான கோழித் தண்ணீர்க் குவளையோ நிப்பிளோ வையுங்கள். மாவுத் தீவனத்தைப் பிசைந்து கொடுக்காமல் குருணையாகக் கொடுங்கள். மழை நாளில் கூரைக்குள்ளேயே இருக்கட்டும். நனைந்துவிட்டால் துண்டால் ஒற்றி எடுங்கள்.

சொறிகிறது என்றால் கொண்டையை விரலால் பிளந்து இறகின் அடியைப் பாருங்கள். தண்டின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக அப்பியிருந்தால் பேன் முட்டை. வால் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பாருங்கள். மற்ற கோழி சாம்பலிலும் மணலிலும் புரண்டு பேனை ஓரளவு உதறிவிடும். இதன் கொண்டைக்குள் அது எட்டாது. மருந்துப் பொடியை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். பொடி முட்டையைக் கொல்லாது, அதனால் ஏழு முதல் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். எல்லாக் கோழிக்கும் சேர்த்துப் போடுங்கள். கண்ணில் நுரை, முகவீக்கம், மூக்கில் நாற்றமடிக்கும் சளி என்று இருந்தால் அது கொண்டைக் கோளாறு இல்லை, சளி நோய். கோழியைத் தனியே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பாம்பனில் சங்காயம், அதாவது தீவனத்துக்குப் போகிற கழிவுப் பொடிமீன், மலிவாகக் கிடைக்கிறது. அதையே தீனியாகப் போடலாமா?
*கல்லூரி மாணவர், மண்டபம்*

போடலாம், அதையே போடக் கூடாது. காய்ந்த சங்காயத்தில் புரதம் நிறைய இருக்கிறது, ஆனால் உப்பும் மணலும் சேர்ந்தே வரும். அலசிக் காயவைத்து இடித்து, கம்பு, சோளம், தவிட்டோடு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து கொடுங்கள். அதிகமானால் முட்டையில் மீன் வாடை வரும். சமையலுக்கு அலசிய கருவாட்டுத் தண்ணீரையும் உப்புக் கருவாட்டுத் தலையையும் கோழிப்பக்கம் கொட்டாதீர்கள். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் உவர்ப்பு. இரண்டு உப்பும் சேர்ந்தால் தண்ணீராகக் கழியும், கால் துவளும், சாகவும் செய்யும். நீங்கள் குடிக்கிற தண்ணீரையே அதற்கும் வையுங்கள்.

இது அடை உட்காருமா? குஞ்சில் சேவல், பெட்டை கண்டுபிடிக்க வழி உண்டா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, சாயல்குடி*

உட்காருவது அபூர்வம் டீச்சர். வெள்ளை ஓட்டு முட்டையாக இட்டுக்கொண்டே இருக்கும், அடைக்கு மனசு வராது. சிறுவிடை ஒன்றுக்கு வைத்துவிடுங்கள், அதே 21 நாள்தான். பொரித்த அன்றைக்கே உச்சியில் பஞ்சு புடைத்திருப்பதைப் பார்த்து எது கொண்டைக் குஞ்சு என்று சொல்லிவிடலாம். சாதாரணக் குஞ்சுகளோடு கலந்து விடாமல் தனியாக வளர்ப்பது நல்லது, மேலே சொன்ன மண்டையோட்டுக்காகத்தான்.

சேவலா பெட்டையா என்பது குஞ்சில் தெரியாது. இரண்டு மூன்று மாதம் போனால் கொண்டையே சொல்லும். பெட்டைக்குச் செவ்வந்திப்பூ மாதிரி உருண்டையாக, இறகு நுனி வட்டமாக இருக்கும். சேவலுக்கு இறகு ஒல்லியாக, நுனி கூர்ந்து, பின்னாலும் பக்கத்திலும் சரிந்து விழும். நாட்டுச் சேவலோடு கலந்துவிட்டால் முதல் ஈட்டிலேயே அரைக்கொண்டைக் குஞ்சுகள் வரும். இனம் சுத்தமாக வேண்டும் என்றால் முட்டை எடுக்கிற காலத்தில் நாட்டுச் சேவலைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

இது போலந்து நாட்டுக் கோழியா? கழிச்சல் தடுப்பூசி இதற்கும் உண்டா?
*கடை வைத்திருப்பவர், தொண்டி*

போலந்து என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இனமாக வளர்த்துப் பேர் வாங்கிக் கொடுத்தது நெதர்லாந்துக்காரர்கள். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களிலேயே இதே கொண்டையோடு நிற்கிறது.

தடுப்பூசி எல்லாக் கோழிக்கும் ஒன்றுதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு, எட்டு வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பிப்ரவரியில் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும், இலவசம்தான். கொசு கடித்து வருகிற அம்மைக்கும் அங்கேயே கேட்டு வையுங்கள். இந்தக் கோழிக்கு அம்மைக் கொப்புளம் கொண்டைக்கு அடியில் கிளம்பினால் கண் மூடிப்போகிற வரைக்கும் நமக்குத் தெரியாது.