சமைக்காத உணவுக்கு டீஹைட்ரேட்டர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

திருப்பூரில் இருக்கிறேன், இரண்டு மாதமாகச் சமைக்காத உணவுதான், பழமும் சாலட்டும் தின்று அலுத்துவிட்டது, சூடான காற்றில் உணவைக் காய வைக்கும் டீஹைட்ரேட்டர் மிஷின் வாங்கினால் எத்தனை ட்ரே, எத்தனை வாட்ஸ் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ரேயும் வாட்ஸும் கிடக்கட்டும். சூட்டை எவ்வளவு குறைத்து வைக்கலாம், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். கேட்காமல் நான் வாங்கிய முதல் மிஷின் பரணில் கிடக்கிறது.

அது வட்டமானது. ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து பிளாஸ்டிக் தட்டு, அடியில் ஃபேன், ஒரே ஒரு சுவிட்ச். விலை குறைவு, அதில்தான் ஏமாந்தேன். எங்களுக்கு உடுமலைப் பக்கம். தக்காளி விலை சீப்பட்ட நேரமாகப் பார்த்து நாலு கிலோ வாங்கி வந்து, வட்டம் வட்டமாக அரிந்து அடுக்கி வைத்தேன். பொழுதோடு திறந்து பார்த்தால் அடித்தட்டில் இருந்தது ஓரமெல்லாம் கருகிச் சருகாகிக் கிடக்கிறது, மேல்தட்டில் விதையைச் சுற்றி இன்னும் தண்ணீர் நிற்கிறது. தயிருக்கு உறை ஊற்றும்போது பால் சூடு பார்க்க வைத்திருந்த, குச்சி மாதிரி இருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து ஒவ்வொரு தட்டாகச் செருகினேன். அடியில் 71 டிகிரி செல்சியஸ், உச்சியில் 44. ஒரே மிஷினுக்குள் பாதி வெந்தது, பாதி பச்சை. மணிக்கொரு தரம் தட்டை மாற்றி மாற்றி வைத்தால் சமாளிக்கலாம்தான், ஆனால் அதற்கு நான் அடுப்படியிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும்.

சமைக்காத உணவுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு 46 முதல் 48 டிகிரி வரை. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் 115, 118 என்று ஃபாரன்ஹீட்டில் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அதற்கு மேல் போனால் என்சைம், அதாவது உணவில் இருக்கும் நொதி, செத்துவிடும் என்பது அவர்கள் வாதம். வயிற்றுக்குள் இருக்கும் அமிலத்தில் பெரும்பாலான என்சைம் எப்படியும் சிதைந்துதான் போகும், அதனால் அந்த வாதத்தை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. ஆனாலும் குறைந்த சூட்டில் காய்ந்த கறிவேப்பிலையையும் முருங்கைக் கீரையையும் கையில் கசக்கிப் பாருங்கள், நிறமும் வாசமும் அப்படியே இருக்கும். எனக்கு அது போதும்.

சரி, இப்போது வைத்திருப்பது சதுரப் பெட்டி. ஃபேன் பின்பக்கம், காற்று எல்லாத் தட்டின் மேலும் குறுக்கே ஓடும், முன்னால் கதவு. மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். தட்டை உருவிவிட்டால் உள்ளே இடம் கிடைக்கும், தயிர்ச் சட்டியைக் கூட வைக்கலாம். சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 35 டிகிரியில் ஆரம்பித்து 70 வரை போகிறது. வாங்கும்போது அந்தக் கீழ் எண்ணைப் பாருங்கள். சிலது 50-லிருந்துதான் ஆரம்பிக்கும், வத்தல் போடுகிறவர்களுக்குச் சரி, நமக்கு ஆகாது. கோவையில் பட்டறைகளில் செய்து தரும் பெரிய ட்ரே டிரையர் மசாலா, காய்கறி என்று தொழிலாகச் செய்கிறவர்களுக்கானது, வீட்டுக்கு வேண்டாம்.

டயலில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். என்னுடையது 46 என்றால் உள்ளே 51. மிஷினோடு சேர்த்து ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, காற்றின் சூடு வேறு, பண்டத்தின் சூடு வேறு. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? கசிகிற ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஈரத் தக்காளியும் அப்படித்தான், காற்று 60 டிகிரி இருந்தாலும் ஆரம்பத்தில் துண்டு அவ்வளவு சுடாது. அதனால் முதல் ஒரு மணி நேரம் 60-ல் ஓட்டி, மேல்பக்கம் பிசுபிசுப்பானதும் 46-க்கு இறக்கிவிடுகிறேன். சந்தேகம் வந்தால் குச்சியைத் துண்டுக்குள்ளேயே குத்திப் பார்த்துக்கொள்வேன்.

ஆரம்பத்திலிருந்தே 40-ல் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். முளைகட்டின கம்பு, ஊறவைத்த ஆளி விதை, சின்ன வெங்காயம் மூன்றையும் அரைத்து அடை மாதிரி கனமாகப் பரப்பி இரவு முழுக்க 38-ல் விட்டேன். காலையில் கதவைத் திறந்ததும் புளித்த கழனித் தண்ணீர் நாற்றம், தொட்டால் நடுவில் கொழகொழவென்று. அந்தச் சூடும் ஈரமும் கிருமி பெருகுவதற்குத்தான் தோது, முளைப்பயறு என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டினேன். இப்போது தோசை கனத்துக்கு மேல் பரப்புவதில்லை, ஐந்தாறு மணி நேரத்தில் ஒரு தரம் திருப்பியும் போட்டுவிடுவேன்.

கரண்டுச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 400 வாட்ஸ் பெட்டி பத்து மணி நேரம் நிற்காமல் இழுத்தாலே 4 யூனிட்தான், தெர்மோஸ்டாட் விட்டு விட்டு வேலை செய்வதால் அதுவும் ஆகாது. ஆனால் எங்கள் அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. "ஏம்மிணி, வெயிலு ஓசியாக் காயுது, அதுக்குக் கரண்டப் போட்டுக் காய வெக்கோணுமா?" என்றார். பாதி நியாயம்தான். முருங்கைக் கீரையை நிழலில் வெள்ளை வேட்டி விரித்துப் போட்டாலே இரண்டு மூன்று நாளில் நொறுங்கும். மாங்காய், மிளகாய்க்கும் மிஷின் வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் காய்ந்ததெல்லாம் 46-க்குள் இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், சித்திரை உச்சிப் பொழுதில் மொட்டை மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தால் தெரியும். கொப்பரை காய வைக்கும் சோலார் கூடாரத்துக்குள் மத்தியானத்தில் 60-ஐத் தாண்டும். ஆடிக்காத்து அம்மியைப் பறக்க விட்டதோ இல்லையோ, வேடு கட்டி வைத்திருந்த என் தக்காளியைத் துணியோடு பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

ஆக, அடையும், பழக்கூழைத் தோல் மாதிரி பரப்பிக் காய வைக்கும் பழத்தோலும் செய்ய ஆசையிருந்தால், ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஓட்ட வேண்டுமென்றால் வாங்குங்கள். கீரை காய வைக்க மட்டும் என்றால் காசு தண்டம். ஒன்றிரண்டு பேருக்கு ஐந்தாறு தட்டு போதும். ஒரு கிலோ தக்காளி காய்ந்தால் ஒரு கைப்பிடிக்குச் சற்று மேலேதான் தேறும், அதைப் பார்த்துப் பத்துத் தட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். டைமர் கட்டாயம் வேண்டும், 46 டிகிரியில் தக்காளிக்குப் பதினாறு மணி நேரம் கூட ஆகிறது. ஸ்டீல் தட்டு கிடைத்தால் நல்லது. மாம்பழக் கூழுக்கு ஒட்டாத ஷீட் தனியாக வாங்குங்கள். நான் சாமர்த்தியமாக வாழை இலையில் ஊற்றிப் பார்த்தேன், இலையும் காய்ந்து சுருண்டு கூழோடு ஒட்டிக்கொண்டது, உரித்து எடுக்க அரை நாள். சத்தம் ஓயாமல் ஹூம் என்று இருக்கும், சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகினவர்களுக்கு அது தாலாட்டு.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வோல்டேஜைக் கேளுங்கள். அங்கே 110-120, இங்கே 230. எங்கள் கொழுந்தனார் ஆசையாகத் தூக்கி வந்ததை நேராக பிளக்கில் மாட்டி ஒரே நிமிடத்தில் புகைய விட்டோம்.

காய்ந்ததை உடனே டப்பாவில் அடைத்து மறந்துவிடாதீர்கள். ஆற விட்டு, கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் திரும்பவும் மிஷினுக்கு.

அப்புறம், தட்டில் ஒன்றைக் காரத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். போன கார்த்திகையில் நான் ஊரில் இல்லாத இரண்டு நாளும் மழை விடவில்லை என்று அத்தை மோர் மிளகாயை உள்ளே அடுக்கி முழுச் சூட்டில் ஓட்டியிருக்கிறார். வீடே இருமியிருக்கிறது. தட்டை எத்தனை தரம் கழுவினாலும் சரி, அடுத்து செய்த வாழைப்பழத் துண்டில் காரம் சுள்ளென்று இருந்தது. அவருக்கு மட்டும் அது பிடித்துப்போய்விட்டது, இன்னொரு தரம் செய் என்கிறார்.