அண்ணனின் மாத்திரைகளை நாங்களே நிறுத்தலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 48. மனச்சிதைவு நோய்க்கு 15 ஆண்டுகளாக ரிஸ்பெரிடோன், ட்ரைஹெக்சிஃபெனிடில், குளோனசெபாம் எடுத்துக்கொள்கிறார். இப்போது மலமிளக்கியும் சேர்ந்துவிட்டது. காதில் குரல் கேட்பது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் வாய் உலர்கிறது, மலச்சிக்கல், மறதி. சில மாத்திரைகளை நாங்களே நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியை மருத்துவர்களாகிய நாங்கள் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

முதலில் என் கண்ணில் படுவது ட்ரைஹெக்சிஃபெனிடில். இது மனச்சிதைவுக்கான மருந்தே அல்ல. மனச்சிதைவுக்கான மருந்துகளாகிய ரிஸ்பெரிடோன் போன்றவற்றால் வரும் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தணிக்கத் தருவது. பலருக்குச் சில மாதங்களுக்குப் பின் இது தேவைப்படுவதில்லை. ஆனால் பழைய சீட்டைப் பார்த்தே புதிய சீட்டை எழுதுகிறோம். ஏறிய மாத்திரை இறங்குவதில்லை. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளையும் இது தரக்கூடியது. அப்படியானால் அந்த மலமிளக்கி, பக்கவிளைவுக்குக் கொடுத்த மாத்திரையின் பக்கவிளைவுக்குக் கொடுத்த மாத்திரை!

மருத்துவர் சம்மதித்தால் இதைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கலாம். தொடங்கும் முன் அண்ணனை ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொல்லி, தேதியிட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை அதையே எழுதட்டும். எழுத்து சிறுத்தாலோ கோணினாலோ, நடக்கும்போது கை வீசாமல் போனாலோ விறைப்பு திரும்பியிருக்கலாம்; மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பதற்றத்தைத் தணிக்கவும் தூக்கத்துக்கும் தரும் குளோனசெபாம் பிறகுதான். நீண்ட காலம் எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், பதற்றம் கூடும், வலிப்புகூட வரலாம். குறைக்க மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் ஒன்றாகக் குறைத்தால், தொந்தரவு எதனால் வந்தது என்று யாருக்கும் புரியாது.

ரிஸ்பெரிடோனில் இப்போது கை வைக்க வேண்டாம். அதை நிறுத்தியவர் முதலில் நன்றாகவே இருக்கக்கூடும். "மருந்தே தேவையில்லை போலிருக்கிறது" என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். ஆனால் பலருக்கு மாதங்கள் கழித்து நோய் திரும்பும். அப்போது மாத்திரையை நிறுத்தியது யாருக்கும் நினைவிருக்காது.

ஒன்று கேட்கிறேன்: "நாங்களே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் அண்ணன் உண்டா? முன்பு நோய் முற்றுவதற்கு முன் தூக்கம் குறைந்ததா, ஆட்களைத் தவிர்த்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த முறை வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வேறு மருத்துவர் தந்ததும், கடையில் நீங்களாக வாங்கியதும் சேர்த்து. அதற்குள் வயிறு உப்பி மலமோ சிறுநீரோ வெளியேறாமல் நின்றால், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.