ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கான சேவை: மானியத்தை எதில் செலவிடுவது?

கேள்வி: எங்கள் நலச் சங்கத்திற்கு மூன்று ஆண்டு மானியம் கிடைக்கும் நிலையில் உள்ளது. ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு சேவை தொடங்கத் திட்ட வரைவு கேட்கிறார்கள். எட்டுப் படுக்கைகள் கொண்ட விடுதி கட்டலாம் என்பது உறுப்பினர்கள் பலரின் விருப்பம். எங்கிருந்து தொடங்குவது? – சங்கச் செயலாளர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முதலில் விடுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் நினைப்பதுபோல எட்டு மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்திற்குத் தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். உரிமத்தைச் சடங்காக நினைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிறுவனத்தின் விவகாரத்தில் பார்த்துவிட்டது. கௌடெங் மாகாணத்தில் அங்கிருந்த நோயாளிகளை அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். அந்த 27 நிறுவனங்களில் ஒன்றிடமும் செல்லத்தக்க உரிமம் இருக்கவில்லை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் 2017-இல் அறிக்கை அளித்தார். சட்டம் ஒருபுறமிருக்க, நீங்கள் மனத்தில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தத்தளிக்கும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு, படுக்கையைவிட வாரந்தோறும் தவறாமல் சந்திக்கும் ஒரு மனிதர்தான் தேவை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கையைத் தானே காயப்படுத்திக்கொண்டு வந்த ஓர் இளம் பெண்ணுக்கு மரத்துப்போகும் ஊசி போடாமலே தையல் போட்டார்கள். “தானே செய்துகொண்டதுதானே, வலி தெரியட்டும்” என்று தட்டை ஏந்தி நின்ற செவிலியர் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். அதே பெண்ணை அந்த மாதத்தில் மூன்றாம் முறையாகப் பார்த்துச் சலித்துப்போனவர். ஊசி போட்டே தைக்க வேண்டும் என்று பிரிட்டனின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், இந்தச் சலிப்பு எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளலாம். ஆகவே உங்கள் வரைவின் முதல் செலவினம் அவசரப் பிரிவு, கிளினிக் ஊழியர்களுக்கான பயிற்சியாக இருக்கட்டும். செலவு குறைவு, பலன் சீக்கிரம் தெரியும்.

அடுத்தது டிசம்பர் மாதப் பிரச்சினை. என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நம் அரசு மருத்துவமனைகளில் உளவியலாளர்கள் பலர் ஓராண்டுக் கட்டாயச் சமூகப் பணியில் வருபவர்கள்; ஆண்டு முடிந்ததும் போய்விடுவார்கள். கைவிடப்படுவோம் என்ற அச்சமே நோயின் மையமாக இருக்கும் ஒருவர், மார்ச்சில் பேசத் தொடங்கி, செப்டம்பரில் நம்பத் தொடங்கி, ஜனவரியில் அறிமுகமில்லாத ஒருவர் முன் மறுபடியும் தன் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை வரமாட்டார். நாம் அவர் அட்டையில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடுவோம். எனவே மானியத்தின் பெரும்பகுதியை நிரந்தரமாக ஊரில் இருக்கக்கூடிய ஒரு மனநலச் செவிலியர், ஒரு சமூக நலப் பணியாளர் ஆகியோரின் சம்பளத்தில் போடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும் உளவியலாளர் இவர்களுக்குத் துணையாக வரட்டும். இவர்கள் அவருக்குத் துணையாக இருக்கும் ஏற்பாடு வேண்டாம்.

நிபுணர் இல்லாமல் சிகிச்சை நடக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு திறன் வகுப்பு, இடையில் தொலைபேசி உதவி, ஊழியர்களின் வாராந்திரக் கூட்டம் ஆகிய நான்கும் ஓராண்டு தடைப்படாமல் நடந்தால்தான் அது அந்தச் சிகிச்சை. கனடாவில் 180 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், ஒழுங்கான பொது மனநல மருத்துவப் பராமரிப்பு பெற்றவர்களும் இதைப் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே தேறினார்கள். அங்கே அதை நடத்தியவர்கள் அனுபவம் மிக்க மருத்துவர்கள் என்பது உண்மைதான். ஆனாலும் விலை உயர்ந்த பெயரைத் தேடி ஓடாமல், சாதாரணப் பராமரிப்பை ஒழுங்காகவும் மேற்பார்வையோடும் செய்ய அது நமக்குத் துணிவு தருகிறது. செய்யக்கூடாதது ஒன்று உண்டு: மூன்று மாதத்திற்கும் குறைவான உளவியல் சிகிச்சையை இவர்களுக்குத் தர வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டு நெறிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2009-லேயே கூறிவிட்டது. ‘ஆறு அமர்வுகள்’ என்ற திட்டத்தை யார் கொண்டுவந்தாலும் ஏற்காதீர்கள்.

எத்தனை பேருக்கு என்பதில் நேர்மை வேண்டும். உலகளாவிய ஆய்வுகளின்படி நூறு பேரில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு ஏதோ ஒருவகை ஆளுமைக் கோளாறு இருக்கக்கூடும். அத்தனை பேரையும் உங்களால் ஏந்த முடியாது. மிகக் கடுமையாகத் துன்பப்படும் இருபது பேரோடு தொடங்குங்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி பெற்ற கிளினிக் போதும்.

மாகாணத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது ‘பார்த்த நோயாளிகள் எண்ணிக்கை’ என்ற அளவுகோலை மட்டும் ஏற்காதீர்கள். அந்த எண்ணிக்கை ஒருவரை விரைவாக அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கூப்பிடவே தூண்டும். பன்னிரண்டு மாதத்திற்குப் பிறகும் அதே பணியாளரிடம் எத்தனை பேர் வருகிறார்கள், அவசரப் பிரிவுக்குப் போவது குறைந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டின் கடைசி ஆறு மாதங்களை விடைகொடுப்பதற்கென்றே ஒதுக்கி, அதற்கான பணத்தை இப்போதே வரைவில் காட்டுங்கள்.

பெயர்ப் பலகையில் ‘ஆளுமைக் கோளாறு’ என்று எழுத வேண்டாம். நம் தமிழில் ஆளுமை என்றால் பெருமை. அதோடு கோளாறு சேர்ந்தால் ‘குணம் சரியில்லாதவர்’ என்றுதான் காதில் விழும். பல குடும்பங்கள் கிளினிக்குக்கு முன் கோயில் வாசலுக்குத்தான் வருகின்றன என்பதால் குருக்களையும் ஒருநாள் பயிற்சிக்கு அழையுங்கள். காவடியின்போது சாமி வருவது நோயல்ல என்பதை அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் வாரந்தோறும் உயிர்போகும் சண்டையோடு வரும் பெண்ணை யாரிடம் அனுப்புவது என்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

வரைவை அனுப்புமுன், இந்த நோயோடு வாழ்ந்து தேறிய இருவரைக் குழுவில் சேர்த்து, அவர்களின் நேரத்திற்கும் ஊதியம் கொடுங்கள். விடுதி கேட்கும் உறுப்பினர்களை அவர்களோடு ஒரு மாலை உட்காரவையுங்கள்.