சோகத்துக்கு எத்தனை வரி?

கேள்வி: இளங்கலை மூன்றாவது செமஸ்டரில் அப்பா இறந்துவிட்டார். அந்த ஆண்டு இரண்டு பாடங்களில் அரியர். பிறகு எல்லாம் தேறிவிட்டேன். அமெரிக்காவில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கட்டுரையில்) இதை எழுதினால் அனுதாபம் தேடுவதாக நினைப்பார்களா?

பதில்: எழுதாமல் விட்டால்தான் சிக்கல். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும், புரட்டுகிறவர் கண்ணில் அந்த ஓராண்டுச் சரிவு கட்டாயம் படும். காரணம் தெரியாவிட்டால், அக்கறை இல்லாத மாணவர் என்று அவராகவே முடிவு கட்டிக்கொள்வார்.

எங்கே எழுதுவது என்பதுதான் கேள்வி. விண்ணப்பப் படிவத்தில் ‘கூடுதல் தகவல்’ என்று தனிப் பெட்டி இருந்தால் அங்கே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் எஸ்ஓபியில், படிப்பைப் பற்றிச் சொல்லும் பத்தியின் நடுவில் மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். முதல் பத்தி வேண்டவே வேண்டாம். மருத்துவமனை வாசலில் தொடங்கும் எஸ்ஓபியில், உங்கள் ஆய்வு ஆர்வம் என்னவென்று தெரிந்துகொள்ள இரண்டாம் பக்கம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை யாரும் காத்திருப்பதில்லை.

என்ன நடந்தது, எந்தக் காலம், மதிப்பெண்ணில் என்ன பாதிப்பு, எப்படிச் சரியானது: இந்த நான்கும் இருந்தால் போதும். உதாரணமாக:

“மூன்றாம் செமஸ்டரின் நடுவில் என் தந்தை காலமானார். குடும்பப் பொறுப்புகளால் அந்த ஆண்டு இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. அடுத்த ஆண்டு இரண்டையும் முடித்தேன். கடைசி நான்கு செமஸ்டர்களின் சராசரி 8.6.”

இதில் கனமான வாக்கியம் கடைசி வாக்கியம்தான். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் சாக்காகத் தெரியும். ‘சொல்லொணாத் துயரம்’ போன்ற சொற்களை வெட்டுங்கள். தேர்வு வைத்த பேராசிரியர் இரக்கமில்லாதவர் என்ற புகாரையும்தான். அது நியாயமான புகாராகவே இருந்தாலும்.

இன்னொன்று: ரெக்கமண்டேஷன் லெட்டர் தரும் ஆசிரியருக்கு நிலைமை தெரியுமென்றால், அதை ஒரு வரியில் குறிப்பிடும்படி கேளுங்கள். நீங்களே சொல்வதைவிட அவர் சொன்னால் மதிப்பு அதிகம். செமஸ்டர் எண்ணை அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மூன்றாவது என்று எழுதி, அவர் ஐந்தாவது என்று எழுதினால் இரண்டு பேர் சொல்வதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கேள்வி: மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றதால் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தேன். நோயின் பெயரைச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். 2006-ல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், விண்ணப்பத்தைக் கெடுக்கும் விஷயங்கள் எவை என்று உளவியல் துறைகளில் மாணவர் சேர்க்கைக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்டார்கள். மனநலப் பிரச்சினையை வெளிப்படுத்துவதும், அளவுக்கு மீறி அந்தரங்கத்தைக் கொட்டுவதும் அவர்கள் சொன்னவற்றில் இருந்தன. மனநலம் படித்தவர்களே இப்படி என்றால் மற்ற துறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இது நியாயமா என்றால், இல்லை. ஆனால் விண்ணப்பம் அந்த மேசைக்குத்தான் போகிறது.

“மருத்துவக் காரணத்தால் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தேன், சிகிச்சை முடிந்து திரும்பி, முழுப் பாடச் சுமையுடன் படிப்பை முடித்தேன்” என்று எழுதலாம். இதில் பொய் எதுவும் இல்லை. நேர்முகத்தில் இதையே கேட்டால், குரல் தடுமாறாமல் ஒரு நிமிடம் பேச முடியுமா என்று வீட்டிலேயே பேசிப் பாருங்கள். முடியவில்லையென்றால், கட்டுரையில் அந்த வாக்கியத்தை இன்னும் சுருக்குங்கள்.

கேள்வி: வறுமையில் படித்தேன், ஆனால் மதிப்பெண் குறையவில்லை. எழுதத் தேவையுண்டா?

பதில்: எஸ்ஓபியில் தேவையில்லை. ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் போன்ற இடங்களில் உங்கள் பின்னணியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை கேட்பதுண்டு. அங்கே தாராளமாக எழுதலாம். ‘ஏழைக் குடும்பம்’ என்று மட்டும் சொன்னால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே படித்தீர்கள் என்றால் அந்த எண்ணைப் போடுங்கள். உங்கள் மதிப்பெண்ணை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார். ஒரே சம்பவத்தை இரண்டு கட்டுரையிலும் எழுதிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே ஆள் அடுத்தடுத்துப் படிக்கக்கூடும்.